கேட்கக் கூடாததைக் கேட்காத மைக்

கொல்லிமலையில் காது என்று சொல்லத்தக்க பொருள் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. மற்ற எங்களுக்கெல்லாம் இருப்பது மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள வசதியாகத் தலையின் இருபுறமும் அடித்து வைத்த ஆணிகள். அந்த ஒருவர் டெஸ்டிங் அண்ணன்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருக்கலாம். வேறெங்கும் இல்லை. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று மலையில் எது நடந்தாலும் மைக்செட் போடுபவர் அவர்தான். கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டிவிட்டு “ஹலோ, மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ” என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். முகூர்த்தம் தாண்டிவிடப் போகிறதே என்று பெண்ணைப் பெற்றவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும் அசையமாட்டார்.

“இருங்க மாமா, த்ரீ இன்னும் சரியா வரலீங்க” என்பார்.

ஒன்றும் இரண்டும் ஒழுங்காக வரும்போது மூன்று மட்டும் எப்படி வராமல் போகும் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது செம்மேட்டில் ஒரு டீக்கடையில். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தி ஒரு விரலைத் தூக்கினார்.

“காரவள்ளி பஸ்ஸு இருவத்தி மூணாம் வளைவுல வருதுங்க. டிரைவரு புதுசு. ஆரன் அடிக்கவே பயப்படறாரு.”

எனக்குக் கேட்டதெல்லாம் டீ ஆற்றும் சத்தம் மட்டுந்தான். ஆனால் முக்கால் மணி நேரத்தில், அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி பஸ் வந்தது. அதிலிருந்து சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்துபோய் இறங்கினார் ஒரு டிரைவர். அதற்கு முன் அவரை மலையில் யாரும் பார்த்ததில்லை. பஸ் நேரம் அண்ணனுக்கு மனப்பாடமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. டிரைவர் புதுசு என்பது எப்படித் தெரிந்தது என்பதற்கு இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். தோட்டக்கலை அலுவலகத்தில் உதவியாளராக இந்த மலைக்கு மாற்றலாகி வந்தவன். கடவுள் எனக்கு ஐந்தே முக்கால் அடி உயரம் கொடுத்தார், நல்ல மீசை கொடுத்தார். குரலை மட்டும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டார். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யப் போன் செய்தால் “சொல்லுங்க மேடம்” என்பார்கள். வங்கியிலிருந்து பேசிய ஒருவர் “வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா குடும்மா” என்றார். நான் எதிரில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனை வைத்தேன்.

இதெல்லாம் போகட்டும். மலைக்கு வந்த முதல் மாதம் மிளகுக்கொடி வாடல் நோயைப் பற்றி விவசாயிகள் கூட்டத்தில் பேச எழுந்தேன். “அனைவருக்கும் வணக்கம்” என்றதுமே கடைசி வரிசையில் தலைகள் குனிந்துகொண்டன, தோள்கள் குலுங்கின. அன்றோடு வாயை மூடிக்கொண்டவன்தான். சொல்ல வேண்டியதை எல்லாம் நோட்டீஸாக அச்சடித்து நீட்டிவிட்டு வந்துவிடுவேன். நோட்டீஸில் வடையைச் சுற்றிச் சாப்பிடுவார்கள். கொடி வாடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு எரியும். ஒரு தடவையாவது சிரிப்பு வராமல் நாலு பேர் என் பேச்சைக் கேட்டுவிட மாட்டார்களா என்பது ஒன்றே அப்போது என் ஆசை.

அந்த நேரத்தில்தான் பாட்காஸ்ட் என்ற வழி கண்ணில் பட்டது. முகம் தெரிய வேண்டாம், கடைசி வரிசை கிடையாது. போதாக்குறைக்கு, புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கான மலிவு விலை மைக்குகளைப் பற்றி வீடியோ போடுகிற ஒரு தம்பி, “இந்த மைக் உங்க குரலுக்கு ஒரு கனம் கொடுக்கும்” என்று சொல்லிவிட்டான். கனம்! அந்த ஒரு சொல்லுக்காகத் தினமும் நெட் தீரும்வரை வீடியோ பார்த்தேன். கடைசியில் ஒரு மைக்குக்கு ஆர்டர் போட்டேன்.

வந்த மைக் பார்க்க அம்சமாக இருந்தது. கண்டன்சர் வகை. சொருகினால் அடியில் ஏழு வண்ண விளக்கு எரியும். டெஸ்டிங் அண்ணனை அழைத்து வந்து காட்டினேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். நான் பேசினேன். அவர் முகம் கோணிக்கொண்டே போனது.

“என்ன அண்ணே கேக்குது?”

“பக்கத்து ஊட்டு குக்கர் மூணாவது விசில் அடிக்குதுங்க. தகரத்து மேல பல்லி நடக்குது. கீழ்த்தோட்டத்துல ஆடு ஒண்ணு அசை போடுது. நடுவால யாரோ பேசறாப்புல இருக்குது.”

“அது நான்தான்.”

“அப்படீங்களா? இது மைக்கு இல்லீங்க சார். ஒட்டுக்கேக்கற ஜென்மம். ஊட்டுல வெச்சுக்காதீங்க.”

திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்தது சட்டைப் பட்டன் பக்கத்தில் மாட்டும் குட்டி மைக். அதையும் கேட்டார். கேட்டுவிட்டு மெதுவான குரலில், “காத்தால சாப்பிடலீங்களா?” என்றார். எப்படித் தெரியும் என்றேன். “வயிறு பேசறது சுத்தமா வருதுங்க. நீங்க பேசறதுதான் சட்டைக்குள்ள உரசிக்கிட்டுப் போயிருது” என்றவர், முதலில் என்னை உட்கார வைத்து இட்லி தின்ன வைத்தார்.

இரண்டு மைக்கிலும் என் குரலுக்குக் கனம் வந்திருந்ததா என்று கேட்டேன். “மைக்கு என்ன பண்ணுமுங்க, குடுத்தத வாங்கிக்கும்” என்று சொல்லிவிட்டார்.

மறுவாரம் அவரே ஒரு மைக்கோடு வந்தார். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போன இடத்தில் தெரிந்த செட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கினாராம். கறுப்பாக, கையில் பிடிக்கிற சாதாரண டைனமிக் மைக். விளக்கு எதுவும் இல்லை. விலையைச் சொன்னபோது என்னுடைய வீடியோ தம்பி முதல்முறையாக எனக்குத் துரோகியாகத் தெரிந்தான்.

“இதுக்கு என்ன கேக்கும் அண்ணே?”

“எதுவுமே கேக்காதுங்க. அதானுங்க விசயம். வாய்க்கு நாலு விரக்கடை தள்ளிப் புடிச்சாத்தான் கேக்கும். நல்ல மைக்குன்னா கேக்கக் கூடாததக் கேக்கக் கூடாது. எங்க ஊட்டுக்காரியும் இதயேதான் எனக்குச் சொல்லுவா.”

அதோடு விடவில்லை. என் குவார்ட்டர்ஸ் அறையில் எதிரொலி இருப்பதாகச் சொல்லி, மச்சான் வீட்டுச் சாமை மூட்டைகளைக் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினார். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினார். உள்ளே நானும் அவரும் மூட்டைகளும்போக மைக்குக்கு இடம் பார்ப்பதே பெரும்பாடாக இருந்தது. மைக்கின் சத்தம் சற்றுக் குறைவாக இருக்கிறது என்று தன்னுடைய ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்து நடுவில் மாட்டி, அதிலிருந்து என் லேப்டாப்புக்கு வயர் இழுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதிவு செய்ய உட்கார்ந்தோம்.

முதலில் கழுத்தை உள்ளிழுத்து, கனமாகப் பேசிப் பார்த்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏனுங்க சார், கெணத்துக்குள்ள உழுந்துட்டீங்களா?”

சரி, கிடைத்த குரலில் பேசுவோம் என்று ஆரம்பித்தேன். எழுதி வைத்திருந்தது மிளகுக்கொடி வாடல் நோய். ஆனால் வாய் எங்கெங்கோ போனது. மலைக்கு வந்த முதல் நாள் ஒவ்வொரு வளைவிலும் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தது, வங்கிக்காரர் என்னை அம்மா என்று கூப்பிட்டது, கூட்டத்தில் தோள்கள் குலுங்கியதைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடாமல் படுத்தது என எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் வாடல் நோய்க்கு வந்து ஒரு மணி நேரம் பேசினேன். கொடியடியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், வாடிய கொடியை வேரோடு எடுத்துவிடுங்கள், என் நோட்டீஸைத் தயவுசெய்து வடைக்கு வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். முடித்தபோது உடம்பே லேசாக இருந்தது. அண்ணன் கட்டைவிரலை உயர்த்தினார்.

கதவைத் திறந்தேன். வாசல் பலாமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு இருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஏஞ்சாமி நிறுத்திப்போட்டீங்க? கொடியப் புடுங்கிட்டு அந்தக் குழியில மறுபடி நடலாமா, கூடாதா? அதச் சொல்லலியே?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே பார்த்தேன். பலாமரத்தில் கூம்பு ஸ்பீக்கர். அதிலிருந்து இறங்கிய வயர் என் ஜன்னல் கம்பளிக்குள் நுழைந்தது.

டெஸ்டிங் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது. அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் மாட்டாமல் பேசினால் உள்ளே எரிந்துபோகுமாம். அதனால் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டாலே அவர் கை தானாகக் கூம்பைக் கட்டிவிடும். இத்தனை வருடப் பழக்கம். அறைக்குள் சத்தம் வரக்கூடாது என்று அதே பழக்கத்தில் கூம்பைப் பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி வைத்ததும் அவரேதான். மலையிலேயே நல்ல காது அன்று ஹெட்ஃபோனுக்குள் இருந்தது.

“தப்பாப் போச்சுங்க சார்” என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

வாந்தி, வங்கிக்காரரின் ‘குடும்மா’, சாப்பிடாமல் படுத்தது எல்லாம் ஊர் முழுக்கப் போய்விட்டது. அதுவும் இந்தக் குரலில். கூட்டத்தின் கடைசி ஆளைத்தான் முதலில் பார்த்தேன், தோள் குலுங்குகிறதா என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார்.

“நானு எதிர் மலையில இருந்து வாரேனுங்க. வாந்தி எடுத்த கதைக்கு எங்க ஊட்டுல உழுந்து உழுந்து சிரிச்சாங்க. நீங்க வாடலுக்கு வந்ததும் மறு நடவு பத்திக் கேட்டுட்டு வரச் சொல்லிப் பைக்குல அனுப்பிட்டாங்க.”

“எதிர் மலைக்கா கேட்டுது?” என்றேன்.

“ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுதுங்க. போன மாசம் திருவிழா மைக்குல ஒருத்தரு பேசுனாரு பாருங்க, புலியாட்டம் குரலு. அது எங்களுக்கு உறுமலாத்தான் வந்துது.”

டெஸ்டிங் அண்ணனுக்கு உயிர் திரும்பி வந்தது. “நாஞ் சொல்லல?” என்று ஆரம்பித்தார். அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. “கட்டக் குரலெல்லாம் அடுத்த தோப்பத் தாண்டாதுங்க. சாருது ஊசி. பள்ளத்துல எறங்கி அந்தப் பக்கம் ஏறும்.” வாசலூர்பட்டி ஏரியில் படகில் போனவர்கள்கூடப் படகை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். இதைச் சொன்னது அவர் என்பதால் நான் பாதிதான் நம்புகிறேன்.

அன்று மரத்தடியில் உட்கார்ந்து மதியம் வரை மறு நடவைப் பற்றிப் பேசினேன். ஒருவரும் தலை குனியவில்லை. அதன்பிறகு வாரம் ஒரு பதிவு என்று ஆகிவிட்டது. அந்தக் கறுப்பு மைக், சாமை மூட்டை, ஹெட்ஃபோனில் அண்ணன். பழைய ஆம்ப்ளிஃபயரை மட்டும் வாசற்படி தாண்ட நான் விடுவதில்லை.

போன மழைக்காலத்தில் எனக்கு நல்ல சளி பிடித்தது. காலையில் பால்காரரிடம் “அரை லிட்டர்” என்றேன். பேசியது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். அப்படியொரு குரல், அடிவயிற்றிலிருந்து, சும்மா கணீரென்று! இந்தக் குரலுக்காக நான் வேண்டாத சாமி இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டு உடனே வரச்சொன்னேன், இது போவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று.

வந்தார். மைக்கை வைத்தார், ஹெட்ஃபோனை மாட்டினார். நான் ராஜா மாதிரி பேசினேன். இரண்டு நிமிடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எனக்குப் பின்னால் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“சார் எங்கீங்க?”

“நான்தான் அண்ணே! நல்லா இருக்குல்ல?”

“நல்லாத்தான் இருக்குதுங்க. ரேடியோவுல செய்தி படிக்கலாம்.” வயரை முழங்கையில் சுற்றி வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார். “சார் வந்ததும் சொல்லியுடுங்க. ஓடியாறேன்.”

மறுநாள் காலை வாசலில் வந்து நின்றார். “வந்துட்டாருங்களா?” என்றார். நான் “இல்லண்ணே” என்று உறுமினேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு, ஒரு பொட்டலம் மிளகைக் கையில் கொடுத்தார். “சாருக்குக் கசாயம் வெச்சுக் குடுங்க” என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். இப்படி நான்கு நாட்கள், மழையில் நனைந்துகொண்டு வந்து கேட்டுவிட்டு நனைந்துகொண்டே போனார்.

அந்த நான்கு நாட்களும், என் கீச்சுக்குரல் எனக்குச் சீக்கிரம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று பிறந்ததிலிருந்து முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். பாவம் மனுஷன், எத்தனை நாள்தான் காத்திருப்பார்.