இரண்டு படங்களும் நிஜம்

செவ்வாய்க்கிழமை காலை தலை துவட்டியபோது சங்-வூவின் பாதி முடி துண்டோடு வந்துவிட்டது. மீதி, மதியம் சீப்போடு வந்தது.

முடி யாருக்குத்தான் கொட்டவில்லை? ஆனால் சங்-வூ சியோலில் டிவியில் கூந்தல் தைலம் விற்பவன். தலைதான் அவனுக்குச் சோறு போட்டது. வெள்ளிக்கிழமை நேரலை.

மூன்று வாரத்துக்கு முன் டாக்டர் யோம் அவனுடைய குடல்புண்ணுக்கு அசத்தியோபிரின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"மரபணு சோதனைக்கு ரத்தம் எடுத்திருக்கோம். முடிவு வந்தப்புறம்தான் மாத்திரை, சரியா?" என்றார், தன் வழுக்கையைத் தடவியபடி.

ஒரு மணி நேர நேரலையில் நான்கு தடவை கழிப்பறைக்கு ஓடுகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அன்றைக்கே விழுங்க ஆரம்பித்தான். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனையும் எடுக்கவில்லை. எடுத்தால் திட்டுவார்கள்.

வியாழக்கிழமை விக் வாங்கினான். நன்றாகவே இருந்தது. லிஃப்டில் பாங் மேலாளர் ஏறினார். பழக்க தோஷம், சங்-வூ இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் வைத்தான். விக் மேலாளரின் ஷூ மேல் விழுந்தது.

"என்னய்யா இது?"

"முடி சார்."

"அது தெரியுது. யாரோடது?"

எடுக்கக் குனிந்தவன் எழவில்லை. உடம்பு அனலாய்க் கொதிக்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ரத்தத்துல வெள்ளை அணு அடிமட்டத்துக்குப் போயிடுச்சு," என்றார் டாக்டர் யோம். "இந்த மருந்தோட வேகத்த அடக்கற மரபணு உங்களுக்கு ரெண்டுமே பழுது. அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு குடுத்திருக்காங்க. மத்தவங்களுக்கு மருந்து, உங்களுக்கு விஷம். அதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"முடி, டாக்டர்?"

"உயிரே போயிருக்கும்ங்கறேன், முடியக் கேக்கறீங்க!"

"என் வேலையே அதுதான் டாக்டர்."

"மாத்திரைய நிறுத்தியாச்சில்ல, தானா வளரும். எதையும் தடவ வேணாம்."

வேறு மருந்தில் வயிறு அடங்கியது. நான்கு மாதத்தில் முடியும் அடர்த்தியாக வளர்ந்தது. பாங் மேலாளர் இரண்டு படங்களோடு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மொட்டைத் தலை, நேற்றைய தலை.

"முன்பு, பின்பு. எப்படி?"

"சார், இது தைலத்தால வளரல. அந்த மாத்திரைய நிறுத்தினதால..."

"யோவ், படம் ரெண்டும் நிஜமா, இல்லையா?"

"நிஜம்தான் சார்."

"நாம எதுவும் சொல்லப் போறதில்ல, காட்டப் போறோம். நீ நிக்க மாட்டேன்னா, முடியோட பத்து பேர் வெளிய நிக்கறான்."

சங்-வூ நின்றான். வெட்கமாகத்தான் இருந்தது. படங்கள் திரையில் வந்ததும் போன்கள் அலறின. ஓர் அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"நான் டாக்டர் யோம் பேசறேன். அந்தப் படத்துல இருக்கறவருக்கு வைத்தியம் பாத்தவன்."

சங்-வூ கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். வேலை போச்சு, மானமும் போச்சு. பாங் மேலாளர், இணைப்பை வெட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். யாரும் கவனிக்கவில்லை.

"முடி தானா வளரும்னு அவருக்குச் சொன்னதும் நான்தான்," என்றது குரல். கொஞ்சம் தயங்கியது. "எனக்கு இருபது வருஷமா தானா வளரலீங்க. ஆறு பாட்டில் அனுப்பிடுங்க."