மோட்டாரம்மாவின் கிரைண்டர்

காவேரிப் பாசனத்தில் தண்ணீர் எட்டாத வயல்கூட இருக்கலாம். மோட்டாரம்மா கரண்ட் கொடுத்துப் பார்க்காத பொருள் என்று எங்கள் ஊரில் எதுவும் கிடையாது.

வலங்கைமான் பக்கம், குத்தகை வழக்குகளை விசாரிக்கும் ஆபீஸில் நான் குமாஸ்தா, அவர் டைப்பிஸ்ட். உழுகிறவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை முழங்கிய காலம். ஊரில் பாதிப் பேர் மீதிப் பேர் மேல் கேஸ் போட்டிருந்தார்கள். மோட்டாரம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. ஒருமுறை அரிசிச் சல்லடையில் ஃபேன் மோட்டாரைக் கட்டி ஓடவிட்டார். அரிசியெல்லாம் பக்கத்து வீட்டு ஓட்டில். கல் மட்டும் சல்லடையில் பத்திரமாக.

"பிரிச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க!" என்றார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆபீஸ் முழுக்கத் தன் வீட்டு இட்லி என்று அறிவித்துவிட்டார், அதுவும் தானே செய்த கிரைண்டரில் அரைத்து. கும்பகோணம் காயலான் கடையில் ஒரு மோட்டார் சிக்கியிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய மாவு மில்லிலிருந்து வந்த சரக்கு. கழற்றி, சேறு துடைத்து, வற்றலைப் போல வெயிலில் காயவைத்தார்.

பூஜைக்கு முந்தின நாள், மத்தியான இடைவேளை. ஆபீஸுக்கு எதிரே அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டோம். சுவிட்சைப் போட்டார். "உம்ம்ம்..." என்று உறுமியதே தவிர மோட்டார் அசையவில்லை.

"ஏம்மா, ஹோட்டல்ல சொல்லிடட்டுமா?" என்றார் ஹெட் கிளார்க்.

மோட்டாரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சுவிட்சை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரைக் கையால் சுற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. "பேரிங் நல்லாருக்கு." டெஸ்ட் லேம்ப் வைத்தார். எரிந்தது. "உள்ளே கம்பிச் சுத்தும் நல்லாருக்கு." பிறகு புல்லியில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்து, என்னைச் சுவிட்ச் போடச் சொன்னார். மோட்டார் ஜம்மென்று ஓடியது!

"ஓடத் தெரியுது. கிளம்பத்தான் தெரியல. முதல் தள்ளு கொடுக்கிற கண்டென்சர் போச்சு."

கும்பகோணம் போய் வாங்கிவர நேரமில்லை; அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடந்தன. பெல்ட் மாட்டி, குழவி வைத்து, ஊறின உளுந்தையும் போட்ட பிறகு நான் இழுத்தேன். கல்லின் பாரத்தில் மோட்டார் அசையவில்லை; கயிறுதான் கையோடு வந்தது.

எதிரே வேப்பமரத்தடியில், விசாரணைக்கு வந்த இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மிராசுதார். மற்றவர் அவர்மேல் கேஸ் போட்ட குத்தகைக்காரர் சின்னையன்.

"ரெண்டு பேரும் இப்படி வாங்க!" என்று கூப்பிட்டார் மோட்டாரம்மா.

மிராசுதார் கயிற்றை வலப்பக்கமாகச் சுற்றினார்.

"அப்படிச் சுத்தக் கூடாதுங்க," என்றார் சின்னையன்.

"இதுலயும் எதிர்மனுவா?" என்று சொல்லியபடி மிராசுதார் இழுத்தார். நான் சுவிட்சைப் போட்டேன். கண்டென்சர் இல்லாத மோட்டாருக்கு எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம்தான் நியாயம். கல் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, அரையும் குறையுமாக அரைபட்ட உளுந்தை மிராசுதாரின் வெள்ளை ஜிப்பாவில் அப்பியது.

சின்னையன் சிரித்துக்கொண்டே இடப்பக்கம் சுற்றி மூச்சைப் பிடித்து இழுத்தார். மோட்டார் சரியாகக் கிளம்பியது. இழுத்த வேகத்தில் அவர் பின்பக்கமாகப் போய், அரிசி களைந்த தண்ணீர் அண்டாவில் உட்கார்ந்தார்.

இந்தத் தடவை மிராசுதார்தான் முதலில் சிரித்தார். பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "கேஸை ஆபீஸ்ல போய்ப் பேசிக்குங்க, மாவைத் தள்ளிவிடுங்க!" என்று இருவர் கையிலும் ஆளுக்கொரு கரண்டியைத் திணித்தார் மோட்டாரம்மா.

கேஸ் அதன்பிறகும் நடந்தது. ஆனால் மறுநாள் பூஜைக்கு இருவரும் வந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எண்ணெய்ப் பிசுக்குப் போகாத கையால் மோட்டாரம்மா எனக்கும் பரிமாறினார். "எப்படி இருக்கு?"

இட்லி கல்லாட்டம் இருந்தது. "பஞ்சுங்க," என்றேன். இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.