கவலைக்கு டிரங்க் கால் புக் செய்தவர்

திண்டுக்கல்லில் அசைக்க முடியாதவை இரண்டு. ஒன்று மலைக்கோட்டை. இன்னொன்று எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், டிரங்க் போர்டில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த, நாங்கள் ‘மூணு நிமிஷம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த ஆபரேட்டர். இடி விழுந்தால் மலைக்கோட்டையில்கூட ஒரு கல் உதிரலாம். இவர் உதிரமாட்டார்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று ரகம், ஒன்றைவிட ஒன்று அவசரம். லைன் கிடைத்தால் மூன்று நிமிஷம் பேசலாம். முடிந்ததும் நாங்கள் நடுவில் புகுந்து, நீட்டிக்கணுமா என்று கேட்போம். எதிர்முனையில் ஆள் கிடைக்காவிட்டால் சீட்டில் ‘பார்ட்டி இல்லை, கேன்சல்’ என்று எழுதி ஆணியில் குத்திவிடுவோம். இதையெல்லாம் நாங்கள் ஊருக்குச் செய்தோம். இவர் மட்டும் தன் கவலைகளுக்கும் செய்தார்.

விளையாட்டில்லை. காலையில் ஏதாவது மனசைக் குடைந்தால், காலண்டர் தாளைக் கத்தரித்து வைத்திருக்கும் சீட்டில் ஒன்றை எடுப்பார். கவலை யாரைப் பற்றி, என்ன ரகம், புக் செய்த நேரம் எல்லாம் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். மாலை நாலரைக்கு டூட்டி முடிந்ததும் பின்பக்கம் வேப்பமரத்தடி பெஞ்சில் டைம்பீஸுடன் உட்கார்ந்து, வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிஷம் கவலைப்படுவார். பாதிச் சீட்டுகளுக்கு அதற்குள் உயிர் போயிருக்கும். “பார்ட்டி இல்ல, கேன்சல்” என்று கிழித்துப் போடுவார்.

கவலையே கூடாது என்கிற சாமியார் ரகமல்ல அவர். பட்டால் முழுசாகப் படுவார். சொந்த ஊர் எரியோட்டில் ஒரு கிணற்றின் பேரில் அவருக்கும் பெரியப்பா மகனுக்கும் பதினோரு வருஷமாக வழக்கு. அந்தச் சீட்டு வந்துவிட்டால் தலையில் அடித்துக்கொள்வார், மூக்கைச் சிந்துவார், “படுபாவி, எங்கப்பன் தோண்டுன கெணறுடா!” என்று வேப்பமரத்தைப் பார்த்துக் கத்துவார். காக்காய்கள் கிளம்பிப் போகும். டைம்பீஸ் மணியடித்ததும், அழுகை பாதியில் இருந்தாலும் சரி, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

“வா அப்பு, டீ குடிப்போம்.”

“ஏய்யா, இன்னும் செத்த நேரம் அழுதாத்தான் என்ன?”

“நீட்டிப்புக் கெடையாது. ஒரு தடவ குடுத்தா அது ராத்திரி சோத்துக்கும் வீட்டுக்கு வந்துரும்.”

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர் சம்சாரம் மூச்சிரைக்க ஓடி வந்தார். வீட்டுக்குள் பாம்பு. நாங்களெல்லாம், இந்த ஆள் பாம்புக்கும் சீட்டெழுதி நாலரைக்கு வரச் சொல்லப் போகிறார் என்று ஆவலோடு பார்த்தோம். அவரோ மூலையில் கிடந்த கம்பைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் பறந்துவிட்டார். திரும்பி வந்ததும் கேட்டேன். “பாம்பு கவல இல்ல அப்பு, வேல. கம்ப எடுத்தா முடியுறது வேல. கம்ப எடுத்தும் முடியாதுன்னாத்தான் கவல” என்றார்.

நான் சிரித்தேன். அவரைக் கேலி செய்வதில் நான்தான் முதல் ஆள். அவர் சேர்ந்த அதே நாளில், அதே வயதில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். என் நிலைமையைச் சொல்கிறேன், கேளுங்கள். மூன்று வருஷத்தில் தலைமயிர் பாதி போய்விட்டது. குளிக்கும்போதும் காதுக்குள் மணியடிக்கும். வயிறு எந்நேரமும் எரியும். என் மனைவி சோறு போட்டுவிட்டு “வெஞ்சனம் என்ன வைக்க?” என்று கேட்டால் “நம்பர் ப்ளீஸ்” என்பேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, மனசைத்தான் கொஞ்சம் உட்கார வையுங்கள் என்றார். அதை எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்கும் கை, போர்டில் வயர் முனையைத் தப்பான துளையில் செருகும். ஒரு நாள் தோல் பதனிடும் ஷாப் முதலாளி ஒருவர், தோலை அடுக்கி வைக்கும் தன் திருச்சி கிட்டங்கியைக் கேட்டார். நான் பிரசவ ஆஸ்பத்திரியைக் கொடுத்துவிட்டேன்.

“இன்னைக்கு எத்தன உருப்படி வந்துச்சு?”

“ஏழுங்க. எல்லாம் நல்ல எடை.”

“தோலு எப்படி?”

“நல்ல செவப்பு.”

“அப்ப உப்பத் தடவி அடுக்கி வையி, சாயங்காலம் லாரி வருது.”

நர்ஸ் போட்ட கூச்சல் போர்டு இல்லாமலே திண்டுக்கல்லுக்குக் கேட்டிருக்கும். மதுரையிலிருந்து அதிகாரி மெமோ அனுப்பினார். இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும். மெமோவைப் படித்தபின் என் கை இன்னும் அழகாக நடுங்கியது. அந்த நாட்களில் மூணு நிமிஷம் எங்களையெல்லாம் முன்னால் டீக்கு அனுப்பிவிட்டு, கடைசிச் சீட்டு ஒன்றைத் தனியாகப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்திருந்தார்.

அதிலிருந்து எட்டு மாதம் கழித்து, ஐப்பசியில் ஒரு நாள் மழை ஊற்றித் தள்ளியது. சின்னாளப்பட்டிப் பக்கம் கம்பங்கள் சாய்ந்து மதுரை லைன் செத்தது. பக்கத்து ஊர் லைன்களை விட்டால், தூரத்துக்குத் திருச்சி லைன் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மூணு நிமிஷம் கிணற்று வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். டிரங்க் போர்டில் நான் மட்டும். அந்த நேரம் பார்த்து, வந்த பஸ் மேலே போக முடியாமல் நின்றதால் மதுரை அதிகாரி சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். வந்தவர் என் நாற்காலிக்கு நேர் பின்னால் நின்றுகொண்டார்.

என் கை துளையைச் சுற்றிச் சுற்றி வந்ததே தவிர உள்ளே போகவில்லை. வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன். பக்கத்து மேஜையில் காலண்டர் தாள் சீட்டுகள் கிடந்தன. வெட்கத்தை விட்டு ஒன்றை இழுத்தேன். ‘பின்னால் நிற்கும் அதிகாரி. அர்ஜெண்ட். புக் செய்த நேரம் 11.40’ என்று எழுதினேன்.

“என்ன எழுதுறீங்க?” என்றார் அதிகாரி.

“ஒரு கால் புக்கிங் சார். நாலரைக்கு.”

சீட்டைப் பையில் போட்டேன். கால் வந்ததற்கு அடையாளமாகப் போர்டில் மூடி டப்பென்று விழுந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர்.

“ஏனுங்க, பொள்ளாச்சி தாண்டி பாலத்துல வெள்ளம் ஏறிருச்சுங்க! நம்ம லாரி நாலு அந்தப் பக்கந்தான் போயிட்டிருக்குங்க. எப்படியாச்சும் நிறுத்தச் சொல்லோணும்ங்க!”

இது கம்பெடுக்கும் விஷயம். திருச்சியைப் பிடித்தேன், திருச்சி வழியாகக் கோயம்புத்தூரை, கோயம்புத்தூர் வழியாகப் பொள்ளாச்சியை. மூன்று ஊர் சுற்றி, ஒரே துளையில் ஒரே குத்து. கை நடுங்கவில்லை என்பதையே நான் பிறகுதான் கவனித்தேன். பொள்ளாச்சி மண்டி ஆட்கள் ரோட்டுக்கு ஓடி மூன்று லாரிகளை மறித்துவிட்டார்கள். நாலாவது தாண்டிப் போய்விட்டது. “பாலத்துக்கு முன்னாடி செக்போஸ்ட்ல போன் இருக்கா?” என்று பொள்ளாச்சி ஆபரேட்டரைக் கேட்டேன். இருந்தது. போட்டோம்.

அரை மணி கழித்து ஒட்டன்சத்திரம் மறுபடி வந்தது. “நாலும் நின்னுருச்சுங்க! டிரைவருங்க நாலு பேரும் டீ குடிக்கிறாங்களாமுங்க! நீங்க நல்லா இருக்கோணும்ங்க!” எக்ஸ்சேஞ்சே கைதட்டியது. அதற்குப் பிறகு நாலரை வரைக்கும் அந்த ஒற்றை லைனில் ஊரையே பேச வைத்தேன். ஒரு கால்கூடத் தப்பவில்லை. கர்வமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அதிகாரி என் தோளைத் தட்டினார். “அந்த மெமோவ மறந்துருங்க. அதுசரி, நாலரைக்கு என்னமோ கால் புக் பண்ணீங்களே?”

அப்போது மூணு நிமிஷம் நனைந்த கோழியாக வந்து சேர்ந்தார். வழக்குக்கு வழக்கம்போல வாய்தா. நடந்ததைக் கேட்டார், என் சீட்டை வாங்கிப் பார்த்தார், “பார்ட்டி இல்ல, கேன்சல்” என்று கிழித்தார். மழை விட்டிருந்தது. பெஞ்சுக்குப் போனோம். அதிகாரியும் பின்னாலேயே வந்தார்.

“ஏங்க, இதுல வெளியாளுக்கும் எடம் உண்டா?”

உண்டு என்றோம். அவ்வளவு பெரிய அதிகாரி ஈரப் பெஞ்சில் உட்கார்ந்து, சீட்டெழுதி, மூன்று நிமிஷம் குலுங்கிக் குலுங்கி அழுதார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை. மணியடித்ததும், “இன்னொரு மூணு நிமிஷம்…” என்று இழுத்தார்.

“நீட்டிப்புக் கெடையாதுங்க சார்” என்றார் மூணு நிமிஷம்.

பிறகு தன் பையிலிருந்து பழைய சீட்டு ஒன்றை எடுத்தார். தினமும் எங்களையெல்லாம் டீக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் பார்ப்பாரே, அந்தச் சீட்டு. ‘கேன்சல்’ என்று பெரிதாக எழுதி, உள்ளே போய் ஆணியில் குத்திவிட்டு, விசில் அடித்துக்கொண்டு அதிகாரியோடு டீக்கடைக்கு நடந்தார். நான் நைசாக அதை உருவிப் பார்த்தேன். பார்ட்டி: என் பெயர். ரகம்: லைட்னிங். புக் செய்த நாள்: எனக்கு மெமோ வந்த நாள். பின்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாகக் கோடுகள், தினம் ஒன்றாக எட்டு மாதத்துக்கு. மேலே ‘நீட்டிப்பு’ என்று எழுதியிருந்தது.

அப்பன் தோண்டிய கிணற்றுக்குக்கூடத் தராததை அந்த மனிதர் தினமும் எனக்குத் தந்திருக்கிறார்.