மருந்து ஒத்திகையில் உள்ளது

ஆடி மாதம் பதினேழாம் நாள் காலை ஏழு மணிக்குச் செம்பாறை நாட்டில் முதல் பசி ஒத்திகை தொடங்கியது.

தெருமுனையில் விசில் ஊதினார்கள். ஊதியதும் அடுப்பை அணைக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு இரண்டாவது விசில். அதுவரை யாரும் எதுவும் உண்ணக் கூடாது. நெருக்கடி ஒன்று வந்தால் குடும்பங்கள் தடுமாறிவிடக் கூடாது என்பது அரசரின் விருப்பம். என்ன நெருக்கடி என்று ஆணையில் இல்லை. அப்படி எதுவும் வராது என்று மட்டும் கடைசி வரியில் இருந்தது.

அரசர் ஒத்திகையில் கலந்துகொள்ளவில்லை. உண்மையான நெருக்கடியில் அரசருக்கு உணவு இருக்கும். ஆகவே ஒத்திகையிலும் இருந்தாக வேண்டும் என்று முன்னேற்பாட்டு அமைச்சர் விளக்கினார்.

சூளைக்காரத் தெருவில் அன்று திருவிழா போல இருந்தது. அடுப்பு வேலை இல்லாத பெண்கள் வாசலில் கூடினார்கள்.

"எங்க மாமியார் வாய்க்கும் சேத்து விசில் ஊதியிருக்கலாம்" என்றாள் பக்கத்து வீட்டு அல்லிமுத்து. "சாப்பாடுதான் உள்ள போகல. பேச்சு வெளிய வந்துகிட்டேதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். செங்கமலம் மட்டும் வீட்டுக்குள் இருந்தாள். அவள் எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிறவள். கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தாள். ஐந்து படி அரிசி, ஒரு படி துவரம்பருப்பு, உப்பு, மெழுகுவத்தி, தீப்பெட்டி. நிலப் பத்திரம், எண்ணெய்த் தாளில் சுற்றியது. அப்புறம் வெள்ளைத் துணியில் முடிந்த நாற்பது மாத்திரைகள்.

மாத்திரை அவள் கணவன் தங்கையாவுக்கு. இருபது வருடம் சூளைப் புகையை விழுங்கிய நெஞ்சு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போட்டால் மூச்சு வரும். தவறினால் இழுக்கும். அரசு மருத்துவமனையில் மாதத்துக்கு அறுபத்திரண்டு கொடுப்பார்கள். நாள் குறைந்த மாதங்களில் இரண்டு மிஞ்சும், சில சமயம் நாலு. நாற்பது சேர மூன்று வருடம் ஆயிற்று.

பத்து மணிக்கு ஒத்திகைக் கண்காணிப்பாளர் பரஞ்சோதி நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். வீடு வீடாக ஒரே கேள்வி.

"நெருக்கடிக்குன்னு வீட்டுல ஏதாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அல்லிமுத்து. தெரு முழுக்க அதே பதில்தான்.

செங்கமலம் பெட்டியை இழுத்து வந்து அவர் முன்னால் திறந்தாள். பரஞ்சோதி குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். மாத்திரைகளை அவளே எண்ணிச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பிடி ஒரு வீடு இருந்தாப் போதும்மா, நாடு பொழச்சுக்கும்."

கதவில் ஒரு தாள் ஒட்டினார். முன்மாதிரி இல்லம்.

அவர் போனபின் தங்கையா கேட்டான்: "எதுக்குக் காட்டின?"

"கேட்டாங்க, காட்டினேன். நாம என்ன திருடியா வெச்சிருக்கோம்?"

அவன் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். பேசினால் மூச்சு வாங்கும்.

இரண்டாவது ஒத்திகை மூன்று நாள். நெருக்கடியில் கடைகள் மூடியிருக்கும் என்பதால் நியாயவிலைக் கடையும் ஒத்திகையில் சேர்ந்துகொண்டது. கடை வாசலில் பலகை தொங்கியது: அரிசி ஒத்திகையில் உள்ளது. நெருக்கடியில் விளக்கு எரியாது என்பதால் விளக்குகளும் அணைந்தன. வடக்கே வயல்கள் இரண்டு பருவமாகக் காய்ந்து கிடக்கின்றன, கப்பல்கள் துறைமுகத்துக்கு வருவதில்லை என்று சிலர் பேசினார்கள். ஒத்திகையை உண்மை என்று வதந்தி பரப்பியதற்காக அவர்கள் சிறைக்குப் போனார்கள். சிறையில் ஒத்திகை இல்லாமலே சோறு இல்லை.

மூன்றாவது ஒத்திகைக்கு முடிவு நாள் அறிவிக்கவில்லை. நெருக்கடி எப்போது முடியும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாதே என்றார் அமைச்சர். அது ஐப்பசி. அரசரைக் குடிமக்கள் தேர்ந்தெடுக்கும் ஆண்டும் அதுதான். நெருக்கடிக் காலத்தில் தேர்தல் நடக்காது. எனவே தேர்தல் நடக்காமல் ஒத்திகை பார்க்கப்பட்டது. எந்த அசம்பாவிதமும் இல்லாமல் அது சிறப்பாக நடக்கவில்லை என்று அரசிதழ் எழுதியது.

வாசலில் கூடிய பெண்கள் இப்போது சிரிப்பதில்லை. அல்லிமுத்து முருங்கைக் கீரையை அவித்துப் பிழிந்து மாமியாருக்குக் கொடுத்தாள். மாமியார் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

செங்கமலம் அரிசியைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கஞ்சி வைத்தாள். அல்லிமுத்து வீட்டுக்கும் ஒரு செம்பு போயிற்று. தாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மருத்துவமனைக்குப் போன அன்று கணக்கு தவறியது. மருந்து கொடுக்கும் சன்னலில் பலகை தொங்கியது: மருந்து ஒத்திகையில் உள்ளது.

மருத்துவர் சின்ன வயதுக்காரர். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"எப்ப முடியும்னு எங்களுக்கும் சொல்லலம்மா. வீட்டுல மிச்சம் மீதி இருந்தா அதப் போடச் சொல்லுங்க."

இருந்தது. துணி முடிச்சை அவிழ்த்தாள். ஏழு நாளில் பதினான்கு மாத்திரை தீர்ந்தது.

எட்டாம் நாள் காலை பரஞ்சோதி ஒரு வண்டியோடு வந்தார். கூட இரண்டு காவலர்கள். அவர் கையில் ஆடி மாதத்து நோட்டுப் புத்தகம். தெருவில் வேறு எந்த வீட்டின் முன்னும் வண்டி நிற்கவில்லை.

"பெட்டிய எடுத்தாங்கம்மா."

"எதுக்குங்கய்யா?"

"புது ஆணை. வீட்டுல கையிருப்பு வெச்சுக்கிட்டா ஒத்திகை நெசமா இருக்காதாம். எல்லாம் அரண்மனைக் கிடங்குல பத்திரமா இருக்கும். இரசீது தருவோம்."

"அரிசிய எடுத்துக்குங்க. பருப்ப எடுத்துக்குங்க. இந்த முடிச்ச மட்டும் விட்டுருங்க. இது இல்லேன்னா அவருக்கு மூச்சு இழுக்கும்."

பரஞ்சோதி கெட்டவர் அல்லர். நின்று விளக்கினார்.

"நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. நெருக்கடி வந்தா மருந்து கெடைக்குமா? கெடைக்காது. அப்ப இவரு என்ன பண்ணுவாரு?"

"பெட்டியில இருக்குறதப் போடுவாரு."

"பெட்டி இருந்தா அது நெருக்கடியே இல்லையேம்மா."

"அதுக்குத்தானேய்யா வெச்சேன்."

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினார். மாத்திரை நாற்பது என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

"இருபத்தாறுதான் இருக்கு. பதினாலு கொறையுது. ஒத்திகை நேரத்துல எடுத்துச் சாப்பிட்டது குத்தம். உங்க மொகத்துக்காக எழுதாம விடுறேன்."

காவலர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். இரசீது நீலத் தாளில் இருந்தது. உண்மையான நெருக்கடி அறிவிக்கப்பட்டபின் இதைக் காட்டிப் பொருள்களைப் பெற்றுக்கொள்ளலாம்.

அன்று மாலையே தங்கையாவுக்கு இழுக்கத் தொடங்கியது. மறுநாள் காலை அவள் இரசீதுடன் அரண்மனைக் கிடங்குக்கு நடந்தாள். வரிசையில் அவளைப் போல நாற்பது ஐம்பது பேர். கேட்டபோது கொண்டுவந்து காட்டியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

"நெருக்கடி அறிவிச்சாச்சா?" என்று கேட்டார் கிடங்கு எழுத்தர்.

"இல்லீங்க."

"அறிவிச்சதும் வாங்க."

"எப்பங்கய்யா அறிவிப்பாங்க?"

"நம்ம நாட்டுல நெருக்கடி வராதும்மா" என்றார் எழுத்தர். பெருமையாகத்தான் சொன்னார்.

நான்கு நாள் தங்கையா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான். படுக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"கமலம்."

"சொல்லுங்க."

"நீ காட்டுனது தப்பில்ல."

அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. வேறு எதையும் சொல்ல மூச்சு இல்லை.

இறப்புச் சான்றிதழ் மூன்றாம் நாள் வந்தது. காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: போதிய பயிற்சியின்மை.

தை மாதத்தில் அரண்மனைத் திடலில் பரிசளிப்பு விழா நடந்தது. எல்லாத் தெருக்களிலும் சத்தம் குறைந்த தெரு சூளைக்காரத் தெருதான் என்று கண்காணிப்பாளர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். கேடயத்தை வாங்கிக்கொள்ள அந்தத் தெருவின் முன்மாதிரி இல்லத்தை மேடைக்கு அழைத்தார்கள். தாள் இன்னும் அவள் கதவில்தான் இருந்தது. அதைக் கிழிப்பது குற்றம்.

செங்கமலம் வெள்ளைச் சேலையில் மேடை ஏறினாள். கேடயம் கனமாக இருந்தது. நடுவில் அரசர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தட்டில் முந்திரியும் திராட்சையும் இருந்தன. அமைச்சர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நமது ஒத்திகைகளைக் கண்டு அண்டை நாடுகள் வியக்கின்றன. எந்த இன்மையும் இனி நம் மக்களை அசைக்காது. இருந்தாலும் குடிமக்களின் கருத்தை அறிய மாமன்னர் ஆவலாக இருக்கிறார். சொல்லுங்கள் அம்மா. இன்னும் நாம் பயிற்சி செய்யாமல் விடுபட்டது ஏதாவது உண்டா?"

உண்டு என்று யாரும் சொன்னதில்லை. கீழே பரஞ்சோதி கைதட்டத் தயாராக இருந்தார். அல்லிமுத்து கூட்டத்தில் தலையைக் குனிந்து நின்றாள். அவள் பக்கத்தில் மாமியார் இல்லை.

செங்கமலம் கேடயத்தை மேடையில் வைத்தாள். ஒலிவாங்கியில் பேசிப் பழக்கமில்லாததால் மெதுவாகத்தான் பேசினாள். திடல் முழுக்கக் கேட்டது.

"ஒண்ணு விட்டுப்போச்சுங்க. அரிசி இல்லாம இருந்து பழகிட்டோம். வெளக்கு இல்லாம பழகிட்டோம். மருந்து இல்லாம, வீட்டுக்காரர் இல்லாமகூட நான் பழகிட்டேன்."

அரசர் தலையாட்டினார். முந்திரி ஒன்றை எடுத்தார்.

"அரசர் இல்லாம இருந்து மட்டும் இன்னும் ஒருநாள்கூட பாக்கலைங்க. அந்த ஒத்திகைய என்னைக்கு வைக்கப் போறீங்க?"