ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

தேயா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தையும், இத்தாலியில் நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவி சிஞ்ஞோராவின் சுகத்தையும் அறிய ஆவல் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "சிஞ்ஞோராவோட பையன் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றார், மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும், அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டாய். "உன் இஷ்டம்னு சொல்றார்" என்றேன். அப்பா அப்படித்தான் சொன்னார், அதில் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் தலையை ஃப்ரிட்ஜுக்குள் விட்டுக்கொண்டு, அங்கே இல்லாத வெண்ணெயைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதை நான் சொல்லவில்லை. புதன்கிழமைதோறும் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்து மனம்விட்டுப் பேசும் ஆண்கள் கூட்டத்தில் உட்கார்கிறார் என்பதையும் சொல்லவில்லை. பேசுகிறார் என்று எழுதவில்லை, கவனி. உட்கார்கிறார். இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார். பிறகு தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல ஜன்னலோரம் போய் ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். நீ போனை வைக்கும்வரை ஊற்றுவார். அந்தச் செடி அழுகிப்போனதற்கு நீதான் காரணம். அதனால்தான் உன் பாரி நகருக்குக் கிளம்பும் வேனில், வால்நட் பொட்டலத்துக்குள் இந்தக் கடிதம்.

கூட்டத்தின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தலைநகர் திபிலிசியிலிருந்து லெவான் என்று ஒரு இளம் மனநல ஆலோசகரை நகராட்சி நமக்கு அனுப்பியது. நல்ல பையன், மீசை வளர்த்துப் பார்க்கிறான், மீசை ஒத்துழைக்க மறுக்கிறது. "மனைவி வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஆண்களுக்கு ஆதரவுக் குழு" என்று நூலக வாசலில் சுவரொட்டி ஒட்டினான். நம் சம்த்ரேதியாவில் அப்படிப்பட்ட ஆண்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் விரலையும் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஒருவர்கூட வரவில்லை. அவன் வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் யோசனை சொன்னேன்: நம் ஊர் ஆண்பிள்ளை உதவி கேட்டு வரமாட்டார், உதவி செய்யக் கூப்பிட்டால் ஓடி வருவார். அன்று மாலையே பால்கடையில் ஜெமால் மாமாவைப் பிடித்தேன். மினிபஸ் ஓட்டுவாரே, அதே ஜெமால்தான். அவர் மனைவி மகீனா அத்தை இப்போது நேப்பிள்ஸில் இருக்கிறாள். "மாமா, அப்பா ரொம்ப உடைஞ்சு போயிருக்கார். நீங்க வந்து பக்கத்துல உட்கார்ந்தா போதும்" என்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "ஜெமால் மாமா நிலைமை சரியில்லப்பா" என்றேன். மற்றவர்களுக்கும் இதே மருந்துதான்.

அத்தனை பேரும் வந்தார்கள் அம்மா. சவரம் செய்துகொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போவது போல ஆளுக்கொரு பையில் ஆப்பிளும் சீஸ் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஆறுதல் சொல்ல வந்தவர்கள், கேட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. ஜெமால் மாமா அப்பாவின் முழங்காலில் கை வைத்தார்.

"குராம், எல்லாம் சரியாயிடும்டா."

"முதல்ல உனக்குச் சரியாகட்டும்."

"எனக்கென்ன?"

"அப்ப எனக்கு மட்டும் என்ன?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். நான் அகராதி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டேன்.

லெவான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, இப்போது மனதில் இருப்பதைச் சொல்லும்படி கேட்டான். பூகோள வாத்தியார் நோதார் எழுந்தார். "பேரு எல்லாருக்கும் தெரியும். என் மனசுல இருக்கிறது என்னன்னா, நாற்காலியை இப்படி வட்டமாப் போட்டுட்டு நடுவுல ஏன் மேஜை போடல?" உடனே மேஜை வந்தது. மேஜை வந்ததும் ரொட்டியும் ஆப்பிளும் அதன்மேல் ஏறின. சாப்பாடு ஏறிய பிறகு, கோப்பையைத் தூக்கி வாழ்த்துகளை முறைப்படி நடத்த ஒரு தமதா வேண்டாமா? ஜெமால் மாமாவைத் தமதாவாகத் தேர்ந்தெடுத்தார்கள். மது கூடாது என்று லெவான் கெஞ்சினான். எல்லோர் முகமும் வாடியதைப் பார்த்து, "சரி, வேணும்னா கொஞ்சம் பியர்?" என்று சொல்லிவிட்டான் பாவம். "தம்பி, பியரைத் தூக்கி எதிரிக்குத்தான் வாழ்த்துச் சொல்வாங்க," என்றார் நோதார். "இங்க யார் மேல உனக்கு அவ்வளவு கோபம்?" கடைசியில் பச்சை லெமனேடில் சமாதானம் ஆனது.

அதற்கப்புறம் வாராவாரம் சமாதானத்துக்கும் தாய்நாட்டுக்கும் முன்னோர்களுக்கும் லெமனேடு குடித்தார்கள். வாத்தியார் ஜெமாலின் நேர்மையைப் புகழ்ந்தார், ஜெமால் அப்பாவின் பொறுமையைப் புகழ்ந்தார். லெவான் என்னிடம் வந்து புலம்பினான்: "ஒருத்தர்கூட இதுவரைக்கும் 'நான்'னு ஒரு வார்த்தை சொல்லல தேயா." "வாழ்த்துல 'நான்' வரக்கூடாது. அது மரியாதை இல்ல" என்றேன். நீ திபிலிசியில் என்னதான் படித்தாய் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

நடுவே வீட்டுக் கடிகாரக் கதையையும் சொல்லியாக வேண்டும். உன்னிடம் அதையும் மறைத்து வைத்திருக்கிறேன். நம் சமையலறைக் கடிகாரம் மணிக்கணக்கில் பின்தங்கி ஓடுகிறது. ஆயுள் முழுவதும் ரயிலுக்குக் கொடி காட்டியவர் வீட்டில்! நான் சரிசெய்யப் போனால், "அதைத் தொடாதே, அது நல்லாத்தான் ஓடுது" என்று கையைத் தட்டிவிடுவார். போன மார்ச்சில் அது தானாக ஒரு மணி நேரம் முன்னால் வந்தது, அக்டோபரில் மறுபடி பின்னால் போனது. ஊரே சாப்பிட்டுப் படுத்த பிறகு அப்பா அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோய்த் தனக்குச் சூப்பைச் சுடவைப்பார். அவர் மூளையில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். லெவானுக்கு நான் அந்த யோசனையைச் சொன்னது உண்மையில் அவன்மேல் இரக்கப்பட்டு மட்டும் அல்ல, இதற்காகவும்தான்.

இந்தப் புதன்கிழமை ஜெமால் மாமா எழுந்து, "இந்த மேஜையில இல்லாதவங்களுக்கு" என்று கோப்பையைத் தூக்கினார். பாதியில் என்ன தோன்றியதோ, "மீதியைக் குராம் சொல்லட்டும்" என்று வாழ்த்தை அப்பாவிடம் தள்ளிவிட்டார். தமதா கைகாட்டிய பிறகு மறுக்க முடியாது. அப்பா எழுந்தார். பச்சைக் கோப்பையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி நினோ. பாரியில ஒரு கிழவியைப் பார்த்துக்கிறா. கிழவிக்கு ஊட்டிவிட்டு, வாய் துடைச்சு, படுக்க வச்சுட்டு, அப்புறம் அடுக்களையில போய்ச் சாப்பிடுவா. தனியா. அது எத்தனை மணின்னு எனக்குத் தெரியும். நம்ம வீட்டுக் கடிகாரத்துல அந்த மணி வச்சிருக்கேன். அங்க கோடைக்கு மணியை மாத்தினா நானும் மாத்துவேன். அவ உட்கார்றப்ப நானும் உட்கார்றேன். அவ்வளவுதான். அவ தனியாச் சாப்பிட வேணாமேன்னு." கோப்பையைத் தூக்கினார். "அவளுக்கு." குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஜெமால் மாமாதான் முதலில் பேசினார்: "பைத்தியக்காரா, நீ பரவாயில்லடா. நான் மகீனாவுக்கும் தட்டு வைக்கிறேன். அப்புறம் ரெண்டு தட்டையும் நான்தான் கழுவ வேண்டியிருக்கு." 'நான்' வந்துவிட்டது! லெவான் துள்ளி எழுந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். "தமதா அனுமதி இல்லாம யாரும் பேசக்கூடாது, உட்காரு தம்பி" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார்.

திரும்பி வரும்போது தண்டவாளத்தைத் தாண்டியதும் அப்பா நின்றார். பிறகு, "அம்மாகிட்ட இதைச் சொல்லிடாதேம்மா. கேட்டா கிளம்பி வந்துருவா" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாய் அல்லவா? இதைத்தான் சொல்கிறார். அந்த ரெண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. சிஞ்ஞோராவின் மகனுக்கு வேறு ஆள் கிடைப்பாள். கிளம்பி வா. என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஊர் மணிப்படி, ஒரு புத்தகத்தைக் குடுவையில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். வாழ்த்தில் 'நான்' வரக்கூடாது.

சிஞ்ஞோராவுக்கு என் வணக்கம். உன் முழங்கால் வலி தீரட்டும், வழியெல்லாம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். ஜெமால் மாமாவும் வாத்தியாரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் மகள்
தேயா

பி.கு.: கடிதத்தைப் பொட்டலத்தில் வைத்துக் கட்டிய பிறகு நீ கூப்பிட்டாய். "அப்பாதான் என் இஷ்டம்னு சொல்லிட்டாரே, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாய். மேலே எழுதியிருப்பதை நீ படிக்க வேண்டியதில்லை. கட்டை அவிழ்த்து இதைச் சேர்த்தேனே தவிர, அதைக் கிழிக்க மனம் வரவில்லை. அப்பா, "நல்லது, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு, செத்துப்போன ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். அன்று சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து அவர் எழுந்தபோது, நானும் எனக்கு ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.