உள்ளே கடைந்த செம்புத் தண்டு

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் எழுதுவது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. போன் கூடாது என்று டாக்டர் சொன்னதால் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அத்தைதான் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். அத்தை, குரலை ஏற்றாமல் படிக்கவும்.

முலாம் தொட்டிக்குக் கரண்ட் கொண்டுபோகும் செம்புத் தண்டு கனத்தில் தொய்கிறது என்று அலுத்துக்கொண்டீர்கள் இல்லையா, அதற்கு வழி கண்டுபிடித்தேன் மாமா. கரண்ட் கம்பியின் தோலில்தான் ஓடும், நடுவில் ஓடாது என்று ஒரு வீடியோ, பதினோரு தடவை பார்த்தேன், அப்படியும் நம்பாமல் லேப்டாப்பில் தண்டை வெங்காயம் மாதிரி அஞ்சு அடுக்காகப் பிரித்து, அடுக்குக்கு ஒரு ரெசிஸ்டர், நடுநடுவே ஒரு கம்பிச்சுருள் (காயில்) என்று ஏணி மாதிரி சர்க்யூட் போட்டேன். ஓட்டினால் வெளி அடுக்கு மட்டும் மாடா உழைக்குது, உள்ளே நாலும் சும்மா உட்கார்ந்திருக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், நாற்பது பேர் நெருப்புப் பொம்மை விட்டாங்க. உடனே கடைசல் அண்ணனிடம் போய், நீங்க சொன்னதாகச் சொல்லி (மன்னிக்கணும்) அந்த நாலையும் கடைந்து எடுத்துட்டேன்.

இன்னிக்குக் காலையில் முலாம் போடும் அக்கா சுவிட்சைப் போட்டாங்க. பத்து நிமிஷத்தில் தண்டு தொட முடியாத சூடு. அக்கா நிறுத்திட்டு வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தாங்க.

"தம்பி, இதுல லட்சம் ஹெர்ட்ஸ்னு இருக்கே, நம்ம தொட்டிக்கு எவ்வளவு?"

சைபர் மாமா. நொடிக்கு லட்சம் தடவை திசை மாறுற கரண்ட்தான் தோலில் ஓடுமாம், நம்மது பேட்டரி மாதிரி ஒரே பக்கமாப் போற கரண்ட். வீடியோக்காரர் போட்ட நம்பரை நான் மாத்தவே இல்லை. சைபர் போட்டதும் காயில் எல்லாம் வெறும் கம்பியாயிடுச்சு, அஞ்சு அடுக்கும் சேர்ந்து இழுக்குது. மூணுல ரெண்டு பங்கு செம்பை நானே வெளியேத்தியிருக்கேன்.

நாளைக்கு ஓட்டலுக்கு அறுநூறு கதவுக் கைப்பிடி போகணும், நானூறு பாக்கி. கரண்டைக் குறைச்சு ஓட்டினா நாளன்னிக்குத்தான் முடியும். தவறினா அடுத்த வருஷ வேலையும் வேற பட்டறைக்குனு அவங்க ஆள் சொல்லிட்டார். இனி உங்க செம்பு எதையும் தொட மாட்டேன், சத்தியம். உடனே கிளம்பி வாங்க மாமா, கண் கட்டோடயாவது.

அத்தைக்கு வணக்கம். உங்க கண் சீக்கிரம் தெளியட்டும். என்னைப் பார்க்கிற அன்னிக்கு மட்டும் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: வர வேண்டாம் மாமா. அந்த ஓட்டைக்குள்ள கச்சிதமா ஒரு செம்பு உருளையை அடிச்சு இறக்கியாச்சு, தண்டு ஆறிப்போச்சு, கைப்பிடி சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிடும். உருளை ஏதுன்னு அத்தை கேட்பாங்க. ரெண்டாவது தொட்டியோட தண்டுதான். இந்தத் தடவை தோலைத்தான் சீவினோம், நடு அப்படியே இருக்கு.