எல்லாக் கல்யாணத்துக்கும் சொந்தக்காரர்

உறவு கூட்டுகிறவர் என்று மனிதரில் ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருவார். கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் உங்கள் ஊரைக் கேட்டு, ஊரிலிருந்து உங்கள் அப்பாவுக்கு வந்து, அப்பாவின் சித்தப்பா பெண்ணெடுத்த வீட்டுக்குள் நுழைந்து, அதன் பின்வாசல் வழியாக வெளியேறி, அடுத்த கொண்டை ஊசி வளைவு திரும்புவதற்குள் உங்களுக்கு மாமன் முறை ஆகிவிடுவார். மறுக்க முடியாது. மறுத்தால் சாட்சிக்கு நாலு பேரைச் சொல்வார். நாலு பேரும் செத்துப்போனவர்களாக இருப்பார்கள்.

கொல்லிமலையில் இந்த வகைக்குத் தலைவர் வாசலூர்பட்டி அர்த்தனாரி. மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கிறார் என்பது பட்டாவில் உள்ள செய்தி. அவர் நிஜமாகப் பயிர் செய்வது உறவைத்தான். எந்த வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் இருப்பார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டார் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைப்பார்கள், அவர் இரண்டு பக்கத்துக்கும் பாயசம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்டவர் கையில் மகள் தேன்மொழி ஒரு நல்ல போனை வாங்கிக் கொடுத்தாள். கொடுத்த வாரமே நானூற்றுப் பன்னிரண்டு பேரை அதில் ஏற்றிவிட்டார். வெறும் பெயராகவா ஏற்றினார்? ‘செங்கரைச் சின்னத்தை மருமகனுக்குத் தம்பி’ என்று ஒன்று. ‘நாச்சிமுத்து, மூத்தவள் வகையில்’ என்று இன்னொன்று. கூப்பிட்டால் பெயர் திரையில் கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பெயர் ஓடி முடிவதற்குள் மணி நின்றுவிடும்.

இந்தக் காலத்தில் போன் வைத்திருப்பவனுக்குப் புத்தி சொல்ல ஆளா இல்லை? பேங்கில் சொல்கிறார்கள், போலீஸில் சொல்கிறார்கள், யாருக்காவது போன் போட்டால் மணியடிப்பதற்கு முன்னால் ஒரு குரல் வந்து சொல்கிறது: முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் எதையும் திறக்காதீர்கள். அர்த்தனாரி இதை மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார். ஊரெல்லாம் எடுத்தும் சொன்னார். அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. முன்பின் தெரியாதவர் என்று அவருக்கு யார் இருக்கிறார்கள்?

தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருபது நாள் பாக்கி இருந்தது. பத்திரிகையை நெருங்கிய நாலு வீட்டுக்குத் தாம்பூலத்தோடும், மற்றவர்களுக்குப் போனிலும் அனுப்புவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து அர்த்தனாரியின் போனுக்கே ஒரு பத்திரிகை வந்தது. புது நம்பர். சின்னச் சதுரத்தில் மாலையும் கையுமாக ஒரு ஜோடி, முகம் தெரியவில்லை. கீழே ‘குடும்பத்துடன் வருக’ என்று மட்டும் எழுதியிருந்தது.

மனைவி மாதம்மாள் முறத்தோடு எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, பொண்ணு பேரும் காணோம், மாப்ள பேரும் காணோம். எந்த ஊட்டுக் கண்ணாலமுங்க?”

“தொறந்தாத் தெரியுது. நம்ம அரியூர்நாட்டுப் பெரியப்பன் பேரனாட்ட இருக்குது.”

“அவனுக்குப் போன வைகாசியிலயே ஆயிப்போச்சுங்களே.”

“அப்ப அவந்தம்பி.”

“அவனுக்குத் தம்பியே இல்லீங்க.”

“ஒன்னுவிட்ட தம்பி.”

மாதம்மாள் முறத்தோடு போய்விட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், ஒன்றுவிட்ட தம்பிக்கு மேல் வாதம் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் அதைத் தொட்டார். பத்திரிகை திறக்கவில்லை, போன் கேள்வி கேட்டது. இதை உள்ளே சேர்க்கலாமா? சரி. இது கெடுதல் செய்யக்கூடியதாக இருக்கலாம், இருந்தாலும் சேர்க்கலாமா? சரி. உங்கள் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளட்டுமா? சரி. வரும் செய்திகளைப் படித்துக்கொள்ளட்டுமா? சரி. நீங்களோ நானோ ஒரு கேள்வியிலாவது நின்றிருப்போம் என்று சொல்லிக்கொள்ளலாம். அர்த்தனாரியால் முடியாது. கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் நீட்டுகிறார்கள், தொட்டுக்கொள்கிறோம். கல்கண்டு நீட்டுகிறார்கள், எடுத்துக்கொள்கிறோம். பன்னீர் தெளிக்கிறார்கள், தலையைக் காட்டுகிறோம். வேண்டாம் என்று கையை மடக்கினால் என்ன அர்த்தம்? இந்தக் கல்யாணத்தில் எனக்கு மனத்தாங்கல் என்று அர்த்தம். யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாததால் மனத்தாங்கல் கூடாது என்பதில் அவர் இன்னும் கவனமாக இருந்தார்.

கடைசி வரை பத்திரிகை திறக்கவே இல்லை. டவர் இல்லை என்று நினைத்து, ஊர் ஏரிக்கு மேலே ரோட்டு வளைவில் போய் நின்று போனை நாலு திசைக்கும் காட்டினார். டவர் நன்றாகவே கிடைத்தது. கிடைத்த நிமிஷத்தில் அதே பத்திரிகை, அதே ஜோடி, அதே ‘குடும்பத்துடன் வருக’, அர்த்தனாரி பெயரிலேயே நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் புறப்பட்டுப் போனது.

அவர்கள் திறந்தார்கள். திறக்காமல் இருப்பார்களா? தேன்மொழி கல்யாணப் பத்திரிகையை ஒரு வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லவா? திருடனுக்கு முகூர்த்தம் பார்த்துக் கொடுத்தது போல் ஆகிவிட்டது.

அர்த்தனாரியின் பேங்க் கணக்கில் இருந்தது இருநூற்று நாற்பது ரூபாய். மிளகு இன்னும் களத்தில் காய்ந்துகொண்டிருந்ததால் அவர் தப்பித்தார். அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சியில் இருக்கும் மாதம்மாளின் அண்ணன் செல்லமுத்து தப்பிக்கவில்லை. பதினெட்டாயிரம் போய்விட்டது. மருமகளுக்குப் போடத் தாய்மாமன் சீருக்கென்று வைத்திருந்தது.

சோளக்காடு ஊரில் போன் கடை வைத்திருக்கும் பைசலிடம் அர்த்தனாரி ஓடினார். பைசலின் அப்பா ராஜா முகமது மிளகு வியாபாரி. எத்தனையோ வருஷமாக அர்த்தனாரிக்கு மச்சான்.

பைசல் போனைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். “மாமா, எத்தன தடவ சரின்னு அமுக்குனீங்க?”

“அது எத்தன தடவ கேட்டுச்சோ அத்தன தடவ, கண்ணு.”

“ஒரு தடவகூட வேண்டாம்னு தோணலீங்களா?”

“கண்ணாலத்துக்குக் கூப்புடறவங்கள எப்படிச் சாமி வேண்டாம்னு சொல்றது?”

பத்திரிகை வேஷத்தில் உள்ளே புகுந்திருந்த திருட்டு ஆப்பைப் பைசல் எடுத்துப்போட்டு, திருட்டைச் சொல்லும் நம்பருக்குப் போட்டுக் கொடுத்தான். எடுத்த பெண் பெயர், ஊர், எப்போது நடந்தது என்று கேட்டாள். எல்லாம் ஒழுங்காகச் சொன்ன அர்த்தனாரி, “நீங்க எந்தப் பக்கமுங்க, அம்மிணி?” என்றார். பைசல் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

பணம் போனதைப் பற்றி மட்டும் சொன்னால் கதை இங்கே முடிந்துவிடும். உண்மையான பத்திரிகை அச்சாகி வந்தபோதுதான் அர்த்தனாரிக்கு நிஜமான தொல்லை ஆரம்பித்தது. போனில் அனுப்பினார். நானூற்றுப் பன்னிரண்டில் ஒருவர்கூடத் திறக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். இப்போது குரலைக்கூடத் திருடிப் பேசுகிறார்களாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். அதனால் எடுத்தவர்கள் எல்லாம் பரீட்சை வைத்தார்கள். அக்கா முறையான பொன்னம்மாள், “நீங்க நெசமா அர்த்தனாரின்னா எம்மாமியாரு பேரச் சொல்லுங்க” என்றாள். சொன்னார். மாமியாரின் மாமியார் பெயரையும் சேர்த்துச் சொன்னார். “அது எனக்கே தெரியாதுங்களே, அத வெச்சு எப்படி நம்பறது?” என்று வைத்துவிட்டாள்.

செல்லமுத்து போனையே எடுக்கவில்லை. மாதம்மாள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். “எங்கண்ணன் வந்து நிக்காம எம்புள்ள மணவறை ஏற மாட்டா.” சொல்லிவிட்டுச் சமையலை நிறுத்திவிட்டாள். கல்யாணத்துக்கு ஆறு நாள்.

அர்த்தனாரி தாம்பூலத் தட்டோடு பஸ் ஏறினார். வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ஊர் கேட்கவில்லை. இது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. பக்கத்தில் இருந்தவர் இவருக்கு ஏதோ உடம்புக்கு என்று நினைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

முள்ளுக்குறிச்சியில் செல்லமுத்து கதவைப் பாதி திறந்து நின்றார்.

“ஆரது?”

“நாந்தானுங்க மச்சான்.”

“நாந்தான்னு சொல்லித்தான் போன்லயும் வந்துச்சு.”

“மூஞ்சியப் பாத்துமா மச்சான் இப்படி?”

“அந்தப் பத்திரிகையில மூஞ்சி தெரியல. அது ஒன்னுதான் வித்தியாசம். எங்க அம்மாயி பொறந்த ஊரு?”

அர்த்தனாரி அந்தப் பாட்டி பிறந்த ஊரைச் சொன்னார்.

“எங்க அப்புச்சிகூடப் பொறந்தவங்க எத்தன பேரு?”

“ஏழு பேரு. மூணாவது பொண்ணு பால்குடியிலயே போயிருச்சு.”

செல்லமுத்து உள்ளே திரும்பி, “ஏழுங்கறாரு, சரியா?” என்று மனைவியைக் கேட்டார். “ஆறுன்னுதானே நெனச்சிருந்தோம்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. செல்லமுத்துவுக்குக் கோபம் இன்னும் கூடிவிட்டது. தன் அம்மாவைப் பெற்ற அப்புச்சியை இவர் தன்னைவிட அதிகமாகத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்ற கோபம்.

“இத்தன தெரிஞ்ச மனுசன் ஒன்னே ஒன்னு சொல்லுங்க மாப்ள. அந்தப் பத்திரிக வந்துச்சே, அது ஆரு ஊட்டுதுன்னு தொறந்தீங்க?”

அர்த்தனாரி வாயைத் திறந்தார். அரியூர்நாட்டுப் பெரியப்பன் பேரன் நாக்கு நுனி வரைக்கும் வந்தான். ஒன்றுவிட்ட தம்பி அவன் பின்னாலேயே வந்து நின்றான். தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்தார், பாதிக் கதவைப் பார்த்தார்.

“தெரியலீங்க மச்சான்.”

“என்ன?”

“ஆருன்னே தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமாப் போச்சு. அதான் தொறந்தேன்.”

இப்படி ஒரு வார்த்தையை எந்தத் திருடனாலும் அர்த்தனாரி குரலில் யோசித்துச் சொல்ல முடியாது என்று செல்லமுத்துவுக்குப் பட்டிருக்க வேண்டும். கதவை முழுசாகத் திறந்தார். தட்டை வாங்கிக்கொண்டார். “சீரு சின்னதா இருக்கும். வாய மூடிக்கிட்டு வாங்கிக்கோணும்” என்றார். அர்த்தனாரி வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

தாய்மாமன் வந்தார், கல்யாணம் நடந்தது, மற்றவர்களும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எல்லாம் சரிதான். நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

வாசலூர்பட்டி அர்த்தனாரி என்று படித்ததுமே உங்கள் மனசு எங்கே போனது? நம்ம பெரியம்மா வகையில் அந்தப் பக்கம் ஒரு அர்த்தனாரி உண்டே, அவராக இருக்குமோ என்று ஒரு சுற்றுப் போய்த் தேடிவிட்டு வந்ததா இல்லையா? பெரியம்மா வகையில் கிடைக்காமல் அத்தை வகையிலும் தேடிப் பார்த்தீர்களா? அப்படியானால் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்களுக்கும் ஒரு பத்திரிகை வந்துகொண்டிருக்கிறது. கல்கண்டோடு நிற்கிறார்கள்.